தங்க விளிம்புத் தட்டும் தால்ச்சாவும்

போன டிசம்பரில் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு பாத்திரக் கடையில் கிறிஸ்துமஸ் தட்டு செட் வாங்கினேன். பீங்கான், ஆறு தட்டுகள், 10 அங்குலம், 1,450 ரூபாய். நடுவில் தாத்தா படம், ஓரத்தில் தங்கக் கோடு. எலத்தகிரியிலிருந்து நாத்தனார் குடும்பம் சாப்பிட வருவதால் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்றுதான்.

பார்க்க அழகு, மறுக்கவே முடியாது. ஆனால் தட்டு ரொம்பத் தட்டை. பிரியாணிக்குச் சரி, தால்ச்சா ஊற்றியதும் விளிம்பைத் தேடி ஓடுகிறது. வெங்காயப் பச்சடிக்குத் தனிக் கிண்ணம் வைக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு மட்டும் ஏகக் கொண்டாட்டம், தாத்தா முகம் தெரியும்வரை சோற்றைக் காலி செய்தார்கள். அதற்காகவே காசு கொடுக்கலாம்!

தங்கக் கோடு உலோகப் பூச்சு. மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும், வைக்காதீர்கள். கம்பி நாரும் வேண்டாம், கோடு தேய்ந்துவிடும். மெல்லிய ஸ்பாஞ்சு போதும்.

வீட்டில் பிரித்தபோது ஒரு தட்டின் ஓரம் உடைந்திருந்தது. மறுநாள் கொண்டுபோனால், "பண்டிகைச் சரக்கு மாத்தறதில்லைங்க" என்றார்கள். கடையிலேயே ஆறையும் பிரித்து, விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மொத்தையாகச் சத்தம் வந்தால் கீறல் இருக்கலாம்.

கூடவே வாங்கிய சிவப்பு மேசை விரிப்பு முதல் துவைப்பிலேயே சாயம் போய், என் வெள்ளைத் துண்டு இப்போது ரோஸ் நிறம். ஓரம் உடைந்த தட்டில் இந்த வருடம் கிறிஸ்துமஸ் பலகாரமான கலகலா அடுக்கப் போகிறேன்.