மூன்று பிள்ளைகள் படித்த ஒரு இங்கிலீஷ் கைடு

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு பைண்டிங் கடையில் 130 ரூபாய் கொடுத்து, பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் கைடு ஒன்றை மூன்றாவது தடவையாகத் தைத்து வாங்கி வந்தேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் புதுசே வாங்கிடலாமே சார்" என்றார். நியாயமான பேச்சுதான். அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்து ஊர் சிநேகிதன் போன் பண்ணினான். "உன் பிள்ளைங்க படிச்சிச்சே ஒரு கைடு, அது எப்படி மாப்ள? என் பையனுக்கு வாங்கலாமா?" அவனுக்கு ஏதோ சொல்லி வைத்தேன். சொன்னது எனக்கே சரியாகப் படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்தப் பதிப்பகம் என்று கேட்காதீர்கள். அட்டை போய் நாலு வருஷமாகிறது.

கைடு என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏழு உரைநடை, ஏழு பாட்டு, ஏழு துணைப்பாடம், தமிழில் கதைச் சுருக்கம், கேள்வி பதில், இலக்கணம், மாதிரி வினாத்தாள். இதில் எந்த கைடுக்கும் எந்த கைடும் இளைத்ததில்லை. இந்த கைடில் கூடுதலாக ஒன்று உண்டு. ஒவ்வொரு இங்கிலீஷ் வரிக்கும் கீழே, அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று தமிழ் எழுத்தில் பொடியாக ஒரு வரி. ஆறு வருஷமாக நான் சண்டை போட்டுக்கொண்டிருப்பது அந்தப் பொடி வரியோடுதான்.

2019 ஜூனில் வாங்கினேன். பத்தாம் வகுப்புக்குப் புதுப் பாடத்திட்டம் வந்த வருஷம். பாடப்புத்தகம் கைக்கு வந்து கொஞ்ச நாளில் கைடும் கடைக்கு வந்துவிட்டது. எவ்வளவு அவசரத்தில் அடித்திருப்பார்கள் என்று அச்சுப்பிழைகளைப் பார்த்தாலே தெரியும். அதில் மாதிரி வினாத்தாள் முதல் தாள், இரண்டாம் தாள் என்று தனித்தனியாக இருந்தது. செப்டம்பரில் அரசு இரண்டையும் சேர்த்து ஒரே தாளாக்கிவிட்டது. ஆக வாங்கிய மூன்றாவது மாசமே பின்பக்கம் கால்வாசி வீண். இதற்கு கைடைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் திட்டினேன்.

அந்த வருஷம் பத்தாவது படித்தவள் என் மகள். தமிழ் மீடியம். இங்கிலீஷ் என்றால் கொஞ்சம் பயம். இந்த கைடு வந்ததும் பயம் போய்விட்டது, அதுதான் எனக்கு முதல் சந்தேகம். 'லைஃப்' என்று ஒரு மனப்பாடப் பாட்டு, ஹென்றி வான் டைக் எழுதியது, பதினாலு வரி. இரண்டே நாளில் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். 'அன்ரிலக்டன்ட்' என்கிற வார்த்தையில் நானே ஒருமுறை தடுக்கி விழுவேன்; அவளுக்கு அது வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. சரி, எழுதிக் காட்டு பாப்பா என்று நோட்டைக் கொடுத்தேன். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் படித்தது முழுக்கத் தமிழ் வரி. மேலே ஓடுகிற இங்கிலீஷ் வரியைக் கண் ஒருநாளும் தொட்டதில்லை. பரீட்சையில் அந்தப் பாட்டை எழுதத்தான் வேண்டும், 5 மதிப்பெண். பாடிக் காட்டினால் யார் போடுவார்கள்?

எங்கள் தமிழ் எழுத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது இங்கிலீஷுக்குத் தைத்த சட்டை இல்லை. 'கோட்' என்று போட்டால் அது ஆடா, மேலே போடுகிற கோட்டா? 'பெட்' என்றால் படுக்கையா, பந்தயமா, வளர்ப்பு நாயா? ஜேம்ஸ் தர்பர் எழுதிய பேய்க்கதை ஒன்று இரண்டாம் பாடம். அதன் தலைப்பை கைடு 'த நைட் த கோஸ்ட் காட் இன்' என்று போட்டிருந்தது. இந்த கோஸ்டுக்கு என் மகன் பின்னாளில் ஒரு திருப்புதல் தேர்வில் சி, ஓ, ஏ, எஸ், டி என்று எழுத்துக் கூட்டிவிட்டு வந்தான். பேய் கடற்கரையாகிவிட்டது. பக்கம் பூராவும் கடற்கரை ராத்திரியில் வீட்டுக்குள் புகுகிறது, மாடிப்படி ஏறுகிறது. டீச்சர் ஏழு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். 2004 டிசம்பரில் நாகப்பட்டினத்தில் இருந்தவர் யாராவது அந்த விடைத்தாளைத் திருத்தியிருந்தால் சிரித்திருக்கமாட்டார்.

மகள் கதையை முடித்துவிடுகிறேன். மார்ச் 27ஆம் தேதி தொடங்க வேண்டிய பரீட்சை, ஊரடங்கு வந்து, ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள். ஒவ்வொரு தேதிக்கும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஜூன் 9ஆம் தேதி ரத்து என்று அறிவிப்பு வந்தது. காலாண்டு, அரையாண்டு மார்க்கும் வருகைப்பதிவும் வைத்து எல்லாருக்கும் தேர்ச்சி. ஒரு வருஷம் முழுக்கப் படித்த கைடு பரீட்சையைப் பார்க்காமலே பரணுக்குப் போனது. முதல் பைண்டிங் அதற்குள்ளேயே முடிந்திருந்தது. முதுகில் பசை மட்டும் தடவியிருந்தார்கள், நூலே கிடையாது.

2022இல் மகன் பத்தாவது. பரணிலிருந்து இறக்கினேன். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று ஒரு காரியம் செய்தேன். வெள்ளைத் தாளை விரல் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, தமிழ் வரி ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. உரக்கடைக்கு லீவு விட்டுவிட்டு இந்த வேலை. முப்பது பக்கம் ஒட்டி முடித்தபோது கைடு அப்பளக்கட்டு மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

அந்தக் கீற்றுகளை என் அம்மா பிய்த்துவிட்டார்.

அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழ் பேப்பர் ஒரு எழுத்து விடாமல் படிப்பார், இங்கிலீஷில் தேதி கூடத் தெரியாது. எங்களுக்கு அது சம்பா அறுவடைக் காலம். பொங்கல் கழிந்து பிப்ரவரி வரைக்கும் நான் வீட்டில் இருப்பதே அபூர்வம். நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறவரை தார்ப்பாய் பக்கத்தில் படுத்துக்கிடக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் பருவம் தப்பி ஒரு மழை வந்து கெடுத்தது வேறு. என் மனைவி களத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். சரியாக அதே வாரங்களில்தான் பள்ளிக்கூடத்தில் திருப்புதல் தேர்வும் வரும். டெல்டாவில் பிள்ளை பெற்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பையனிடம் பாடம் கேட்க வீட்டில் ஆள் இல்லை, அவன் அப்பாயியை, அதாவது என் அம்மாவைத் தவிர.

அப்பாயிக்கு அந்தப் பொடி வரி வேண்டியிருந்தது. ஈரத்துணியை வைத்து ஊறப்போட்டு ஒவ்வொரு கீற்றாக உரித்திருக்கிறார். சில பக்கங்களில் கீற்றோடு மேலே இருந்த இங்கிலீஷ் வரியும் சேர்ந்து வந்துவிட்டது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. நான் நாலாம் நாள் வீட்டுக்கு வந்தபோது திண்ணையில் கைடை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டிப் பேரனிடம் 'லைஃப்' பாட்டு ஒப்பித்தல் கேட்டுக்கொண்டிருந்தார். "நில்லு. 'வித் ஃபார்வர்ட்'னு போட்டுருக்கு. நீ 'ஃபார்வர்ட்'னு மட்டும் சொல்ற. 'வித்' எங்க போச்சு?" அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், மூன்று ஞாயிற்றுக்கிழமை போனதற்கு. வரவில்லை.

இதைவிட வேடிக்கை துணைப்பாடத்தில். ஹாலந்து தேசத்துச் சின்னப் பையன் ஒருவன், கடல் தண்ணீர் கசிகிற துளையில் விரலை வைத்து ராத்திரி முழுக்க ஊரைக் காப்பாற்றுகிற கதை. கைடின் தமிழ்ச் சுருக்கத்தில் 'அணையில் இருந்த துளை' என்று போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அங்கேயே நின்றுவிட்டது. "அணையில எப்படிடா வெரல விடுவான்? மேட்டூர்ல போயி வெரல விட முடியுமா?" இல்லை அப்பாயி, மண்ணால் போட்ட கரை என்று அவன் பாடப்புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினான். "அப்ப கரைன்னு எழுத வேண்டியதுதானே. எழுதினவன் ஆத்தங்கரைப் பக்கமே வந்ததில்ல போலருக்கு." பிறகு அவரே தீர்ப்பும் சொன்னார்: அது நண்டு வளையாகத்தான் இருக்கும். விரலை விட்டால் நிற்காது, வளை பெரிசாகும். வைக்கோலைப் பிரியாக முறுக்கி உள்ளே திணித்து, மேலே களிமண்ணை அப்பி மிதிக்க வேண்டும். குடமுருட்டி ஆற்றில் உடைப்பு எடுத்த வருஷம் தாத்தா என்ன செய்தார், ஊரே மணல் மூட்டையோடு எப்படி நின்றது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. மகன் அன்றைக்கு வேறு எதையும் படிக்கவில்லை.

ஆனால் அடுத்த திருப்புதலில் அந்தக் கதைக்குக் குறிப்பு கொடுத்து விரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 8 மதிப்பெண். கைடில் இருக்கும் பதில் பன்னிரண்டு வரி. எல்லாப் பிள்ளைகளும் அதையே எழுதுவார்கள், ஒரே இடத்தில் மறப்பார்கள். இவன் எழுதியது கைடு பதில் இல்லை. இலக்கணம் கோணல்மாணல், வாக்கியமெல்லாம் நாலு வார்த்தைதான், ஆனால் ராத்திரி குளிர், தண்ணீர் சத்தம், கரை இளகுவது எல்லாம் வந்திருந்தது. டீச்சர் 7 போட்டார். ஏனென்று அவனுக்கே புரியவில்லை.

இதையெல்லாம் கைடின் கணக்கில் சேர்ப்பதா, அம்மாவின் கணக்கில் சேர்ப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்தப் பொடி வரி இல்லையென்றால் அம்மா அந்தப் புத்தகத்தைத் தொட்டே இருக்கமாட்டார். அதே பொடி வரிதான் பேயைக் கடற்கரையாக்கியதும்.

வழி சொல்லும் கேள்வியையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தெரு வரைபடம் கொடுத்து, வழி கேட்கிறவருக்கு வழி சொல்லச் சொல்வார்கள். 2 மதிப்பெண், கட்டாயம் எழுத வேண்டும். படத்தைப் பார்த்து எழுதினால் போதும், படிக்கவே வேண்டாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கல். நாங்கள் இடது வலது சொல்லி வளர்ந்தவர்கள் இல்லை. மதகு தாண்டி மேலக்கே திரும்பு, வடகரையிலேயே போ, அரசமரத்துக்குக் கெழக்கே என்றுதான் பேச்சு. இந்த கைடு அதைச் சொல்லித் தருமா? ஐந்து படம் போட்டு ஐந்துக்கும் ஏறக்குறைய ஒரே பதில் போட்டிருக்கிறது. நேரே போ, முதல் இடது, பக்கத்தில் பள்ளிக்கூடம். மகன் அதை மனப்பாடம் செய்து, ஆஸ்பத்திரிக்கு வழி கேட்ட படத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவைத்தான். முழுசாக 2 மார்க் போனது. அன்றைக்கு கைடைத் தூக்கி வாய்க்காலில் போட்டிருப்பேன், தண்ணீர் இல்லை.

2023 ஏப்ரல் பரீட்சையில் மகன் வாங்கியது 61. பாடப்புத்தகத்தை மட்டும் ஒழுங்காகப் படித்திருந்தால் 75 வந்திருக்கும் என்பது என் கட்சி. கைடு இல்லாவிட்டால் 35க்கே தடுமாறியிருப்பான் என்பது அவன் கட்சி.

இப்போது என் தம்பி மகள் பத்தாவது. மார்ச்சில் பரீட்சை. அதற்காகத்தான் இந்த மூன்றாவது பைண்டிங். கடைக்காரர் ஓரத்தைச் சமமாக வெட்டுகிறேன் என்று நான் மார்ஜினில் எழுதி வைத்திருந்த திருத்தங்களில் பாதியைச் சேர்த்து வெட்டிவிட்டார். கோஸ்ட் பக்கத்தில் நான் பெரிசாகப் போட்டிருந்த ஜி, ஹெச் இரண்டில் ஹெச் மட்டும் மிச்சம். நூல் போட்டு நன்றாகத்தான் தைத்திருக்கிறார், அதைக் குறை சொல்லமாட்டேன்.

சிநேகிதனுக்கு இப்போது நிதானமாகச் சொல்கிறேன்: வாங்காதே மாப்ள. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த பாடப்புத்தகம் போதும். பையனைத் தினம் ஒரு பக்கம் இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்து எழுதச் சொல், பழைய வினாத்தாள் ஐந்தாறு போட்டுப் பார்க்கச் சொல். தமிழ் வரி போட்ட எந்த கைடும் வேண்டாம்.

என்னுடையதை இரவல் கேட்காதே. கொடுக்க என் கையில் இல்லை. நேற்றுக் காலையில் அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கைடு பக்கத்தில் மூடியே இருந்தது. 'லெட் மீ பட் லிவ்' என்று அந்த 'லைஃப்' பாட்டு, நடவுப் பாட்டு மெட்டில் முறத்தின் தாளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது, பதினாலு வரியும், 'வித்' கூட விடாமல். தம்பி மகள் வாசலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஆறாவது வரி வரவில்லை.