சந்தூர் நர்சரியில வாங்கின 'கொசு விரட்டி' செடிங்க, மூணு மாசம் கழிச்சு ஒரு ரிவ்யூ

போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போயிட்டு வர்ற வழியில சந்தூர்ல வண்டிய நிறுத்தினோம். மாங்கன்னு நர்சரிங்க வரிசையா இருக்குற ஊரு, நம்ம பக்கம் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. அதுல ஒரு நர்சரி வாசல்ல (பேரு வேணாம்) 'கொசு விரட்டி செடிகள்'னு போர்டு. கிருஷ்ணகிரியில எங்க வீட்டுக்கு பின்னாடியே சாக்கடை, பொழுது சாஞ்சா வாசல்ல உக்கார முடியாது, அதனால போர்டைப் பாத்ததுமே விழுந்துட்டேன்.

நொச்சி 40, ஓமவல்லி 20, துளசி 20, செண்டுமல்லி நாலு 100, சிட்ரோனெல்லா (கொசு விரட்டுற எண்ணெய் எடுக்குற வாசனைப் புல்) 120, மொத்தம் 300 ரூவா. "வாசல்ல வெச்சா போதுங்கக்கா, கொசு எட்டிப் பாக்காது"ன்னான் அந்தப் பையன்.

எட்டிப் பாக்குறது என்ன, நொச்சி இலை மேலயே ஒண்ணு ஹாயா உக்காந்திருந்துச்சு!

செடி மேல தப்பில்லைங்க. வாசனை எண்ணெய் இலைக்குள்ள இருக்கு, கசக்கினாலோ புகை போட்டாலோதான் வெளிய வரும், சும்மா தொட்டியில நிக்கிறதுக்கு கொசு எதுக்கு பயப்படணும். இப்ப காஞ்ச நொச்சி இலைய ஒரு பிடி எடுத்து சட்டியில தணல் போட்டு அது மேல தூவி, வீட்டை ஒரு சுத்து காட்டிட்டு கதவை சாத்திடுறோம், அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் நிம்மதி. சின்னவனுக்கு வீசிங் இருக்கு, அதனால புகை அடங்கினதுக்கு அப்புறம்தான் அவனை உள்ள விடுவேன்.

அத்தை மட்டும் இன்னும் விடல. "ஏரிக்கரையில சும்மா கெடக்குறத காசு குடுத்து வாங்கியாந்தியா"ன்னு மூணு மாசமா கேட்டுட்டே இருக்காங்க. நியாயம்தான், நொச்சி குச்சிய ஒடிச்சு நட்டாலே வந்துரும்.

பெரிய ஏமாத்தம் சிட்ரோனெல்லா. வீட்டுக்கு வந்து இலைய கசக்கிப் பாத்தா அப்படியே டீக்கு போடுற எலுமிச்சைப் புல் வாசனை. ரெண்டும் ஒரே குடும்பம்தான், பாக்கவும் ஒரே மாதிரி இருக்கும், ஆனா சிட்ரோனெல்லாவுக்கு அடித்தண்டு செவந்து இருக்கும், என்னுது வெள்ளையும் பச்சையும். போன் பண்ணிக் கேட்டா "ரெண்டும் ஒண்ணுதாங்கக்கா"ன்னு வெச்சுட்டான். இப்ப தினமும் அதுலதான் டீ, 120 ரூவாய்க்கு டீத்தூள் வாங்கின மாதிரி ஆச்சு.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், தொட்டிக்கு அடியில வெக்கிற தட்டை ஃப்ரீயா குடுத்தாங்கன்னு சந்தோஷமா வாங்கிட்டு வந்தேன், பத்து நாள் கழிச்சு துளசித் தட்டைத் தூக்கிப் பாத்தா தண்ணியில குட்டி குட்டியா புழு நெளியுது, கொசு விரட்ட வாங்கின செடியிலயே நான் கொசு வளத்துட்டு இருந்திருக்கேன். டெங்கு கொசு இந்த மாதிரி நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், கடிக்கிறதும் பகல்லதான். அன்னைக்கே எல்லா தட்டையும் தூக்கிப் போட்டேன்.

தோட்டத்துக்கு ஒரு பாட்டில் வேப்பெண்ணெயும் தனியா வாங்கினேன், அதுல குறையே இல்ல. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, கூட கொஞ்சம் சோப்புக் கரைசல், சோப்பு இல்லைன்னா எண்ணெய் மேலயே மிதக்கும். வெயில் தாழ்ந்து அடிங்க, மத்தியானம் அடிச்சு செம்பருத்தி இலை கருகிப்போச்சு எனக்கு. வாரம் ஒருக்கா அடிச்சதுல மூணாவது வாரத்துல மாவுப்பூச்சி பாதிக்கு மேல போயிடுச்சு. செண்டுமல்லிய தக்காளிக்கு நடுவுல வெச்சேன், வேர்ல முடிச்சு போடுற நூற்புழுவுக்கு நல்லதும்பாங்க, இன்னும் பிடுங்கிப் பாக்கல.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். கன்னுங்க தரம் அருமை, ஒண்ணு கூட வாடல. ரெண்டு ஸ்டார் கொறச்சது அந்த போர்டுக்கும் டீத்தூளுக்கும். நொச்சிக்காக மட்டும் அவ்ளோ தூரம் போகாதீங்க, கிருஷ்ணகிரியில இருக்குறவங்க எங்க வீட்டுக்கு வாங்க, ஒரு குச்சி ஒடிச்சுத் தரேன்.