குதிரைக்கு ஹால்டர் வாங்கும்போது அறுந்துபோகிறதாகப் பார்த்து வாங்குங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டம். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. மாடும் ரேக்ளாவும் எல்லாருக்கும் அத்துபடியான ஊர், குதிரை மட்டும் புதுசு. இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு மார்வாரி இனப் பெட்டைக் குதிரையைப் பிடித்து வந்தோம். பேர் மல்லி. அன்றிலிருந்து இன்றுவரை மூன்று வகை ஹால்டர் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டேன், அதைத்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடிவாளத்தில் வாய்க்குள் போகிற இரும்பு உண்டு, ஹால்டரில் கிடையாது. இது சவாரிக்கு இல்லை, பிடித்து நடத்தவும் கட்டவும் மட்டும்தான். தலைக்கயிறு என்றாலும் புரிந்துகொள்வார்கள்.

முதலில் வாங்கியது முழு நைலான் பட்டை, 350 ரூபாய். மாட்டுக் கயிறு, சலங்கை விற்கிற கடையில் எடுத்தேன். "இது அறுகவே அறுகாதுங்க, கார கட்டி இழுத்தாலும் தாங்குமுங்க" என்று கடைக்காரர் சொன்னதும் எனக்கு சந்தோஷம். மாட்டை வைத்தே பழகினவனுக்குக் கயிறு என்றால் உறுதிதானே முக்கியம். அப்புறம் ஒரு ராத்திரி, கழற்றாமல் கொட்டகையில் விட்ட அன்று, தாடைக்குக் கீழே இருக்கிற வளையம் சுவரில் வாளி மாட்டும் கொக்கியில் சிக்கிக்கொண்டது. சத்தம் கேட்டு ஓடினால் மல்லி பின்னங்கால் இரண்டையும் ஊன்றி, கண் வெளுத்து, மொத்த உடம்பையும் பின்னால் போட்டு இழுக்கிறாள். பட்டை இம்மி நகரவில்லை. மச்சான் கத்தி எடுத்து வர, கன்னத்துப் பட்டையை நான்தான் அறுத்தேன். காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்து கிடந்தது, பத்து நாள் காதைத் தொடவே விடவில்லை.

வந்து பார்த்த மாட்டு டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது. காதுக்குப் பின்னால் அழுத்தம் விழுந்து, நகரவும் வழியில்லை என்றால் குதிரை நின்று யோசிக்காது, மிரண்டு இன்னும் பலமாக இழுக்கும். 400 கிலோ உடம்பு இழுக்கிறபோது ஹால்டர் அறாவிட்டால் கழுத்துத் தசைநார் போகும், இல்லை சட்டென்று விடுபட்டு மல்லாக்க விழும். அறாத ஹால்டர் நல்ல ஹால்டர் இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இரண்டாவதாக வாங்கியது, இப்போதும் போடுகிறது: உடம்பெல்லாம் நைலான், காதுக்குப் பின்னால் போகும் பட்டை மட்டும் தோல். குதிரை பயந்து இழுத்தால் அந்தத் தோல் அறுந்து தலை விடுபடும், பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 1,400 ரூபாய் ஆனது. இதுவரை இரண்டு தடவை அறுந்திருக்கிறது, இரண்டு தடவையும் மல்லிக்கு ஒரு கீறல் இல்லை. கொக்கிகள் பித்தளை, வியர்வைக்குத் துரு பிடிக்கவில்லை. குறை ஒன்று உண்டு. இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், தோல் பூஞ்சை பிடித்துவிடுகிறது, மார்கழி தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது காய்ந்து வெடிக்கிறது. துடைத்து, தோலுக்கான எண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். முழுத்தோல் ஹால்டர் அழகுதான், கான்பூர் சேணப் பொருட்களுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, ஆனால் நம் ஈரத்தில் அத்தனை தோலைப் பராமரிக்க எனக்கு நேரமில்லை.

மூன்றாவது, முடிச்சுப் போட்ட மெல்லிய கயிறு ஹால்டர். நடை பழக்க நன்றாக இருக்கிறது, லேசாக அசைத்தாலே மல்லிக்குப் புரிகிறது. ஆனால் அது மெல்லிசு, முடிச்சு முகத்தில் அழுத்தும், அறவும் அறாது. அதனால் அதைப் போட்டுக் கட்டிவைக்கக் கூடாது, போட்டபடி விட்டுவிட்டும் போகக் கூடாது. முடிச்சுப் போடும்போது கயிற்று நுனி கண் பக்கம் வராமல் பின்னால் போகிற மாதிரி போடுங்கள்.

அளவு விஷயத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மல்லிக்கு முதலில் ஃபுல் சைஸ் வாங்கினேன், மூக்குப் பட்டை நாசி வரை சரிந்தது. மார்வாரிக்கு ஒடுங்கின முகம், அதைவிட ஒரு அளவு சின்னதான காப் சைஸ்தான் சரியாக உட்கார்ந்தது. மூக்குப் பட்டை கண்ணுக்கும் நாசிக்கும் ஏறக்குறைய நடுவில், கன்ன எலும்பு முடிகிற இடத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். அதற்கும் கீழே போனால் எலும்பு மெலிந்து குருத்தெலும்பாகிவிடும், அங்கே அழுத்தினால் மூச்சு தடைபடும். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது என்பதை மறக்க வேண்டாம். பட்டைக்கும் முகத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையணும். ரொம்பத் தொளதொள என்றிருந்தால் காதைச் சொறியத் தூக்குகிற பின்னங்கால் குளம்பு உள்ளே மாட்டிக்கொள்ளும்.

கட்டும்போது முளைக்குச்சியில், தரையோடு தரையாக, மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி கட்டாதீர்கள். உறுதியான தூணில், குதிரையின் தோள் உயரத்துக்குக் குறையாமல், கயிறு கை நீளத்துக்கு மேல் தொங்காமல், ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்கு முடிச்சு. தூண் வளையத்தில் ஒரு சணல் துண்டை வளையமாகக் கட்டி அதில்தான் கயிற்றைக் கட்டுகிறேன், மிரண்டால் முதலில் சணல் அறும். நடத்திப் போகும்போது மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். சுற்றினால் குதிரை ஓடும்போது விரல் கயிற்றோடு போகும்.

தோல் பட்டை வைத்தது 1,400 என்றால் யோசிக்கிறார்கள், எனக்கு டாக்டர் செலவும் மருந்தும் அதைவிட அதிகம் ஆனது. காசு இல்லையென்றால் நைலானையே வாங்கி, காதுப் பட்டையைச் செருப்புத் தைக்கிறவரிடம் மெல்லிய தோலில் மாற்றித் தைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் ராத்திரி கழற்றிவிடுங்கள்.

மல்லி இந்தப் பங்குனியில் குட்டி போட்டாள். குட்டிக்குச் சின்ன ஹால்டர் பழக்குகிறேன், நான் கூடவே நிற்கும்போது மட்டும் போட்டுக் கழற்றிவிடுகிறேன். மூன்று நாளுக்கு ஒருமுறை விரல் விட்டுப் பார்க்கிறேன், போன வாரம்கூட ஒரு ஓட்டை தளர்த்த வேண்டியிருந்தது.