கவரேஜ் மேப்பா, ஸ்பீட் டெஸ்ட் ஆப்பா, கடன் வாங்கிய சிம்மா: எதைப் பார்த்து நெட்வொர்க் மாறுவது?

ஜியோ நல்லா இருக்குமா, ஏர்டெல் நல்லா இருக்குமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தெரு, எத்தனையாவது மாடி? பஸ் ஸ்டாண்டில் பறக்கிற அதே நெட்வொர்க், இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புதுசா முளைத்த நகரில் யூடியூபை வட்டமடிக்க விடும். அதனால் கம்பெனிகளை விட்டுவிட்டு, கவரேஜைப் பார்க்க நமக்கு இருக்கிற வழிகளை முதலில் ஒப்பிடுவோம்.

முதலில் கம்பெனிகளே தரும் மேப். 2024-இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி எல்லா நிறுவனமும் 2ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே கிடைக்கும் என்று தன் இணையதளத்தில் மேப் போட வேண்டும். இதில் நம்பக்கூடியது வெள்ளையாக விட்ட இடம் மட்டும்தான். அவர்களே இல்லை என்று சொன்ன இடத்தில் போய் நாம் தேட வேண்டியதில்லை, அந்தக் கம்பெனியைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடலாம். வண்ணம் பூசிய இடத்தை அப்படியே நம்ப முடியாது. கான்கிரீட் தளத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நடு ரூமில் சிக்னல் எவ்வளவு வரும் என்பதெல்லாம் அந்த மேப்புக்குத் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதும் தெரியாது.

அடுத்தது ஓப்பன்சிக்னல், என்பெர்ஃப் மாதிரி, ஜனங்களுடைய போன்களே அளந்து அனுப்பியதை வைத்துப் போடும் மேப்கள். கம்பெனி மேப்பை விட இவை மேல், ஏனென்றால் யாரோ ஒருவர் நிஜமாகவே அங்கே நின்றிருக்கிறார். சென்னை, கோவையில் தெருத்தெருவாகப் புள்ளி கிடைக்கும். கிராமத்துப் பக்கம் போனால் பைபாஸ் ரோட்டோரம் மட்டும் வரிசையாகப் புள்ளி இருக்கும், உள்ளே ஊருக்குள் ஒன்றும் இருக்காது. புள்ளி இல்லை என்பதால் சிக்னல் இல்லை என்று ஆகாது. 'நாட்டிலேயே வேகமான நெட்வொர்க்' விருதுகள் நம் தெருவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. டிராய் நகரம் நகரமாக நடத்தும் டிரைவ் டெஸ்ட் அறிக்கைகள் நேர்மையானவை, ஆனால் அதில் பெரும்பகுதி ரோட்டில் ஓடும் காரில் எடுத்த அளவு. டெலிவரி வேலை, மார்க்கெட்டிங் என்று நாளெல்லாம் சுற்றுகிறவர்களுக்கு உதவும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அவ்வளவாக உதவாது.

மூன்றாவது வழிக்குத்தான் என் ஓட்டு. எந்த நெட்வொர்க் வேண்டுமோ அந்த சிம் வைத்திருக்கிற மச்சானையோ பக்கத்து வீட்டுத் தம்பியையோ ஒரு சாயங்காலம் டீக்குக் கூப்பிட்டு, அவர் போனோடு உங்கள் வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். திரையில் தெரியும் சிக்னல் கட்டத்தை எண்ணாதீர்கள், எத்தனை கட்டம் காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் '-97 டிபிஎம் 43 ஏஎஸ்யூ' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும் (ஐபோனில் *3001#12345#* டயல் செய்ய வேண்டும்). டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது; ஏஎஸ்யூவை விட்டுவிடலாம். 4ஜியில் -85 பக்கம் இருந்தால் ஜோர், -100 வந்தால் சமாளிக்கலாம், -110-ஐத் தாண்டினால் வீடியோ காலை மறந்துவிடலாம். பத்து டிபிஎம் குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது, அதாவது ஹாலில் -85, படுக்கையறையில் -105 என்றால் நூறில் ஒரு பங்குதான் உள்ளே வந்து சேர்கிறது.

அப்புறம், இதே இடத்தில் ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள் ஒரு தடவை ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். -80 காட்டியும் வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால் கவரேஜ் பிரச்சினை இல்லை, கூட்டம். காலையில் திரும்பப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வித்தியாசத்தை எந்த மேப்பும் காட்டாது.

கம்பெனி வாரியாகச் சொல்ல வேண்டுமென்றால், சுவரைத் துளைத்து உள்ளே வருவதில் குறைந்த அலைவரிசைகள்தான் கெட்டி. ஜியோவிடம் 4ஜிக்கு 850 மெகாஹெர்ட்ஸும் 5ஜிக்கு 700-உம் இருக்கிறது. ஏர்டெல் 4ஜிக்கு 900 வைத்திருக்கிறது, ஆனால் அதன் 5ஜி பெரும்பாலும் 3300-இல் ஓடுவதால் மாடியில் அசத்திவிட்டு உள் ரூமில் 4ஜிக்கு இறங்கிவிடும். வி-யிடமும் (வோடஃபோன் ஐடியா) 900 உண்டு, 5ஜிக்குத்தான் தாமதமாக வந்தது. பிஎஸ்என்எல் 4ஜி 700-இலும் 2100-இலும் வருகிறது. உங்கள் போன் பேண்ட் 28-ஐ (அந்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு போன்களில் இருக்கும் பெயர்) எடுக்காவிட்டால் அந்த 700 உங்களுக்கு இருந்தும் இல்லாததுதான். பழைய போன் வைத்திருப்பவர்கள் சிம் வாங்குவதற்கு முன் மாடல் பெயரைப் போட்டு பேண்ட் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

ஏர்ஃபைபர் (கேபிள் இழுக்காமல் 5ஜி சிக்னலிலேயே வரும் வீட்டு இன்டர்நெட்) போடுகிறவர்கள் மட்டும் வீட்டுக்குள் அளந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதன் ரிசீவரைப் பெரும்பாலும் மொட்டை மாடியில்தான் மாட்டுவார்கள், மாடியில் நின்று பார்த்தால் போதும்.

நம்பரை மாற்றாமல் நேரடியாக வேறு கம்பெனிக்கு போர்ட் செய்து பார்த்துவிடலாமே என்பவர்களுக்கு: 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, போர்ட்டிங் கோட் வாங்கி, அதே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (உதாரணமாக, தமிழ்நாட்டுக்குள்ளேயே) மூன்று வேலை நாளில் மாறிவிடலாம். பிடிக்கவில்லை என்றாலும் 90 நாள் அங்கேயேதான் இருக்க வேண்டும். அதற்குப் பதில் ஒரு புது ப்ரீபெய்டு சிம்மை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, டேட்டாவை மட்டும் அதற்கு மாற்றி ஒரு ரீசார்ஜ் காலம் ஓட்டிப் பார்ப்பது செலவு கம்மி, நம்பருக்கும் ஆபத்தில்லை. ஆனால் இருப்பதிலேயே சின்ன ரீசார்ஜாகப் போட்டால் அன்லிமிடெட் 5ஜி பெரும்பாலும் வராது, 2024 ஜூலை விலையேற்றத்தோடு ஜியோவும் ஏர்டெல்லும் அதை தினம் 2 ஜிபி பிளான்களோடு கட்டிவிட்டன. 5ஜிக்காகவே மாறுகிறீர்கள் என்றால் அந்த பிளானையே போட்டுப் பாருங்கள்.