காவிரியா, தாமிரபரணியா: மீன்பிடிக்கு உகந்த ஆறு எது?

தலைக்காவிரியில் தோன்றிப் பூம்புகாரில் கடல் சேரும் காவிரி ஏறத்தாழ 800 கி.மீ. ஓடுகிறது, பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடையும் தாமிரபரணியின் ஓட்டமோ சுமார் 128 கி.மீ.தான். ஆனால் மீன் பிடிப்பவருக்கு ஆற்றின் நீளத்தைவிட, கோடையில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்பதே முக்கியம்.

காவிரியில் அதற்கான விடை மேட்டூர். ஒகேனக்கல்லில் பாறை இடுக்குகளில் சுழித்து விழும் ஆறு, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் பின்னே, நிரம்பும்போது சுமார் 153 சதுர கி.மீ. பரப்புள்ள நீர்த்தேக்கமாக விரிகிறது. கங்கைச் சமவெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கட்லாவும் ரோகுவும் இங்கே பெருகியிருப்பதால், பரிசலில் சென்று செவுள் வலை விரிப்பவர்களுக்கு இதுவே பிழைப்பு. அணைக்குக் கீழே நிலைமை வேறு: ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாதலால், கல்லணையைத் தாண்டிய கிளைகளில் கோடையில் மணலும் ஆங்காங்கே மடுக்களுமே மிஞ்சுகின்றன. கடலிலிருந்து கொள்ளிடம் வழியாக முட்டையிட ஏறி வந்த உல்லம் மீனின் வரத்தும் அணைகளால் அற்றுப்போயிற்று. காவிரியின் கணக்கில் இதைப் பேரிழப்பாகவே நான் எழுதுவேன்.

தாமிரபரணிக்கு இரு பருவமழைகளும் கைகொடுப்பதால் அது வற்றாத ஆறு என்று பெயர் பெற்றது. பாபநாசத்துக்கு மேலுள்ள பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் அடங்குவதால், மீன்பிடிப்பவர் அதை மறந்துவிடலாம். சமவெளியில் எட்டு அணைக்கட்டுகள் படிக்கட்டுப் போல ஆற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. ஒவ்வொன்றின் பின்னும் தேங்கும் நீரில் கெண்டை, கெளுத்தி, விரால் ஆகியவை தங்குகின்றன. பெரிய வலைக்கு இங்கே இடமில்லை. தூண்டிலுக்கும் வீச்சுவலைக்கும் அளவான ஆறு. திருநெல்வேலியின் கழிவுநீர் கலக்கும் இடங்களில் மட்டும் பிடித்ததைச் சமைக்க எனக்கு மனம் வராது.

ஆகவே, தொழிலுக்கு வலை போடுபவர் மேட்டூருக்குச் செல்வதே சரி. ஓடும் ஆற்றில் கரையோரம் அமர்ந்து தூண்டில் போட விரும்புபவருக்கு அம்பாசமுத்திரத்துக்கும் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடைப்பட்ட தாமிரபரணியையே சொல்வேன். கொடுவாவும் மடவையும் வேண்டுமென்றால் அவர் இன்னும் கிழக்கே, உப்பு நீர் ஏறி வரும் புன்னைக்காயல் முகத்துவாரம் வரை போக வேண்டும்.