லாக்ஹீடா, லிங்கன் பெண்டிக்ஸா, எஃப்-1 பிக்கப்பா: பழைய ஹாட் ராட் பிரேக்குகளை இனங்காணுதல்

கிரைஸ்லர் 1924-இலும் பிளைமவுத் 1928-இலும் செவர்லே 1936-இலும் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் இயங்கும்) பிரேக்கை ஏற்றுக்கொண்ட பிறகும், ஃபோர்டு நிறுவனம் 1938 வரை தடியாலும் கேபிளாலும் இயங்கும் பிரேக்குகளையே விடாப்பிடியாகப் பொருத்திவந்தது. ஆகவே, 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரின் எடையைக் குறைத்து, எஞ்சினின் திறனைக் கூட்டி, ‘ஹாட் ராட்’ என்னும் வேகக் காராக மாற்றிய கலிஃபோர்னிய இளைஞர்கள், அதை நிறுத்துவதற்கான பாகங்களைப் பிற்காலக் கார்களிலிருந்துதான் கழற்றியெடுக்க வேண்டியிருந்தது. அவற்றுள் மூன்று வகைகளே இன்றும் பழைய உதிரிச் சந்தைகளில் அதிகம் தேடப்படுகின்றன. விற்பவர் சொல்லும் பெயரையும், சக்கரத்தோடு சுழலும் உருளையான டிரம்மின் விட்டத்தையும் மட்டும் நம்பி வாங்குவோர் எளிதில் ஏமாறுவதும் இவற்றில்தான்.

1939 முதல் 1948 வரையிலான ஃபோர்டு, மெர்க்குரி கார்களில் இருந்தது லாக்ஹீட் வகை. 1940-களின் லிங்கன் கார்களில் இருந்தது பெண்டிக்ஸ் வகை. இரண்டின் டிரம்மும் 12 அங்குல விட்டம் உடையவை. டிரம்மின் உட்புறத்தில் அழுந்தி உராயும் ஷூவின் அகலம் ஃபோர்டில் 1¾ அங்குலம், லிங்கனில் 2 அங்குலம். துருவும் தேய்மானமும் ஏறிய டிரம்மில் இந்தக் கால் அங்குல வேறுபாட்டைக் கண்ணால் மதிப்பிடுவது எளிதன்று. எனவே டிரம்மை ஒதுக்கிவைத்துவிட்டு, ஷூக்களைத் தாங்கும் சுழலாத தகடான பேக்கிங் பிளேட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஷூவும் கீழே தனக்கென ஓர் ஊன்றுமுளையில் மாட்டப்பட்டிருந்தால் அது லாக்ஹீட். மேலே ஒரே ஓர் ஊன்றுமுளை மட்டும் இருந்து, கீழே இரு ஷூக்களையும் பல்சக்கரத் திருகு ஒன்று இணைத்திருந்தால் அது பெண்டிக்ஸ். ஷூக்கள் கழன்றுபோன வெற்றுத் தகட்டிலும் முளைகளுக்கான துளைகள் இருந்த இடம் உண்மையைச் சொல்லிவிடும்.

லாக்ஹீடைவிட லிங்கன் பெண்டிக்ஸுக்கு விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணமும் இந்த முளைகளே. லாக்ஹீடில் கார் முன்னோக்கிச் செல்லும்போது ஒரு ஷூ மட்டுமே டிரம்மின் சுழற்சியால் மேலும் இறுகும். மற்றது அதே சுழற்சியால் தளர்வடையும். பெண்டிக்ஸில் முன் ஷூ சுழற்சியோடு நகர்ந்து, கீழுள்ள திருகின் வழியாகப் பின் ஷூவைத் தள்ளுவதால், காலின் அழுத்தம் குறைவாக இருந்தாலும் பிடிப்பு கூடுகிறது. அத்துடன் லாக்ஹீடில் ஒவ்வொரு ஷூவையும் மேலும் கீழும் தனித்தனியே டிரம்முக்கு இசைவாகத் திருத்த வேண்டும். அந்த வேலையில் பொறுமை இல்லாதவர்கள்தான் அந்த பிரேக்கையே குறை கூறுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, 1948 முதல் 1952 வரையிலான ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பின் முன்சக்கர பிரேக். இதுவும் பெண்டிக்ஸ் அமைப்பே. ஆனால் விட்டம் 11 அங்குலம். இதை லிங்கன் என்று சொல்லி விற்பவர் உண்டு. அளவுகோல் ஒன்றே அந்தப் பொய்யை உடைத்துவிடும். அன்றாடம் ஓட்டப் போகும் காருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்: லிங்கனின் தத்துவம் அப்படியே கிடைக்கிறது, விலையும் தேடலும் குறைவு. ஆனால் போருக்கு முந்தைய தோற்றத்தை அப்படியே மீட்க முனைபவருக்கு லாக்ஹீடே பொருந்தும். அதிலும் 1939 மாடலின் டிரம்கள் அரியவை. ஹைட்ராலிக் பிரேக்கும், 10¼ அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட்டுகள் அமைந்த பழைய சக்கரப் பொருத்தமும் சேர்ந்து வந்தது அந்த ஓராண்டில் மட்டுமே. 1940-இல் அந்த வட்டம் 5½ அங்குலமாகச் சுருங்கிவிட்டது. எந்த வகையானாலும், டிரம்மின் உள்விட்டம் மூல அளவைவிட 0.060 அங்குலத்துக்கு மேல் கடையப்பட்டிருந்தால் அது அலமாரியில் வைக்கத்தான் உதவும்.

இவற்றோடு சேர்த்து ஒப்பிட முடியாத தனி இனம் கின்மான்ட் டிஸ்க் பிரேக். 1940-களின் பிற்பகுதியில் விற்கப்பட்ட இது, கிளட்ச் போல வட்டத்தின் முழுப் பரப்பாலும் உராய்வது. பிற்காலத்தில் இதே வடிவில் புதிதாக வார்க்கப்பட்டவையும் உலவுவதால், வெளிக்கூட்டின் அழகில் மயங்காமல், உள்ளே இருக்கும் உராய்வுப் பாகங்கள் முழுமையாக உள்ளனவா என்று திறந்து பார்த்த பின்னரே விலை பேச வேண்டும்.