வழவழப்பான பூசணி சூப்: கிரீமா, முந்திரியா, பருப்பா, அல்லது எதுவுமே வேண்டாமா?

செப்டம்பர் கடைசியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பண்ணைக் கடைகளுக்குப் போனால் வாசலிலேயே பெரிய மரப்பெட்டிகளில் பூசணிகள் குவிந்து கிடக்கும். கரும்பச்சை, ஆரஞ்சு, சந்தன நிறம்; உருண்டையாக, நீளக் கழுத்தோடு, மேடும் பள்ளமுமாக. இங்கே இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஸ்குவாஷ். தோல் நன்றாக முற்றிய பிறகு பறிப்பதால் மாதக்கணக்கில் கெடாது. அதனாலேயே இவற்றைக் குளிர்கால ஸ்குவாஷ் என்கிறார்கள். மாலை சீக்கிரம் இருட்டத் தொடங்கியதும் எல்லார் வீட்டிலும் இதை வைத்து ஒரு சூப் கொதிக்கும். எங்கள் வீட்டிலும்தான்.

முதல் வருடம் நான் செய்தது வழக்கமான முறை. பட்டர்நட் ஸ்குவாஷைத் துண்டுபோட்டு வேகவைத்து, அரைத்து, கடைசியில் 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 250 மில்லி ஊற்றினேன். ருசி அபாரம். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ பட்டர்நட் சதையில் இருப்பது சுமார் 450 கலோரி. நான் ஊற்றிய கிரீமில் மட்டும் 800க்கு மேல். காய்கறி சூப் என்று பெயர், ஆனால் கலோரியில் பெரும்பங்கு கிரீம். அன்றிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒன்றை மாற்றி ஒன்றாகச் செய்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குத் தெளிவானது இதுதான்: சூப்பின் வழவழப்பு கடைசியில் ஊற்றுவதில் இல்லை. எந்தக் காயை வாங்குகிறோம், அதை எப்படி வேகவைக்கிறோம் என்பதிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

எந்தக் காய்?

பட்டர்நட்டிலிருந்து தொடங்குவோம். நீளக் கழுத்து, அடியில் குண்டு வயிறு. விதைக்குழி அந்த வயிற்றில் மட்டும் இருப்பதால் கழுத்து முழுக்கச் சதை. வீணாவது மிகக் குறைவு. தோல் மெல்லியது, சாதாரண பீலரே போதும். நார் கிட்டத்தட்ட இல்லை. வட அமெரிக்காவில் பரவலாகப் பயிராகும் வால்தம் பட்டர்நட் என்ற ரகம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவானது. 1970இல், சிறந்த புதிய விதை ரகங்களுக்குத் தரப்படும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்றது. எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. ஒரே ஒரு தொந்தரவு: பச்சையாகத் தோல் சீவும்போது கசியும் பால் கையில் பட்டுக் காய்ந்தால் சிலருக்குத் தோல் இறுகி, உரிவது போல ஆகிவிடும். எனக்கு அப்படித்தான். கையில் எண்ணெய் தடவிக்கொள்வேன், அல்லது சீவாமலே அடுப்பில் சுட்டுவிடுவேன்.

இதன் தாவரப் பெயர் குக்கர்பிட்டா மொஸ்காட்டா. நம் ஊர்ப் பரங்கிக்காயும் பெரும்பாலும் இதே இனம்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 பரங்கி ரகங்கள் உட்பட. அம்மா ஒரு அக்டோபரில் இங்கே வந்திருந்தபோது, பட்டர்நட் அடுப்பில் சுடும் வாசனைக்குச் சமையலறைக்கு வந்து, "இது நம்ம அரசாணிக்காய் வாசமாட்ட இருக்குதே கண்ணு" என்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மூக்கு தவறவில்லை. அதனால் சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் பட்டர்நட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. நன்றாகப் பழுத்து, உள்ளே அடர் ஆரஞ்சாக இருக்கும் பரங்கிக் கீற்றை வாங்கினால் போதும். நம் காய் கொஞ்சம் நீர்த்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது கபோச்சா. என் மனதுக்குப் பிடித்த காய் இது, மறைக்கப் போவதில்லை. கரும்பச்சைத் தோல், தட்டையான உருண்டை, கனம். போர்த்துகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கொண்டுபோன பூசணியோடு கம்போடியாவின் பெயரும் சேர்ந்துபோய், அதுவே கபோச்சா ஆயிற்று. ஜப்பானியர்கள் ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாளில் இதைச் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் இன்றும் உண்டு. இனம் வேறு, குக்கர்பிட்டா மேக்ஸிமா. பட்டர்நட்டில் நீர்ச்சத்து அதிகம். கபோச்சாவில் மாவுச்சத்து அதிகம். சுட்டால் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் கஷ்கொட்டைக்கும் நடுவில் ஒரு ருசி. அரைத்தால் கெட்டியான விழுதாகிவிடும். பட்டர்நட் சூப்புக்கு 800 மில்லி தண்ணீர் போதும் என்றால் கபோச்சா ஒரு லிட்டருக்கு மேல் கேட்கும். அவ்வளவு தண்ணீர் சேர்த்தும் கரண்டியில் வழவழவென்று ஒட்டும். கிரீம் எதற்கு என்ற கேள்வி எனக்கு முதலில் வந்ததே இந்தக் காயால்தான்.

குறைகளும் உண்டு. வெட்டுவது கஷ்டம், கத்தி வழுக்கினால் ஆபத்து. தோலில் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு முழுக்காயாக மூன்று நான்கு நிமிடம் மைக்ரோவேவில் வைத்து எடுத்தால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இன்னொன்று, பறித்த உடனே இனிக்காது. சில வாரங்கள் இருந்து மாவுச்சத்து சர்க்கரையாக மாறினால்தான் ருசி வரும். காம்பு காய்ந்து தக்கை போல இருக்கும் காயாகப் பார்த்து எடுங்கள். வேகவைத்த தோலைச் சாப்பிடலாம். ஆனால் சூப்பில் சேர்த்து அரைத்தால் நிறம் சேறு மாதிரி ஆகிவிடும்.

ஏகார்ன் ஸ்குவாஷ் சூப்புக்கு வேண்டாம். வரிவரியான தோலைச் சீவ முடியாது, சதையும் கொஞ்சம், ருசியும் லேசு. ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய பூசணியும் வேண்டாம், நாரும் தண்ணீரும்தான். அலங்காரத்துக்கு விற்கும் குட்டிக் காய்களைச் சமைக்கவே கூடாது. எந்தப் பூசணியாக இருந்தாலும் சமைக்கும் முன் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள், வேகவைத்தாலும் போகாது.

அவசரத்துக்கு டின் பூசணி விழுது எப்படி? மோசமில்லை என்பது என் அபிப்பிராயம். லிபிஸ் நிறுவனத்தின் டின்னில் இருப்பது டிக்கின்சன் என்ற ரகம், இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் ஊரைச் சுற்றி விளைவது. அதுவும் மொஸ்காட்டா இனம், பட்டர்நட்டுக்குப் பங்காளி. டின்னிலேயே வெந்திருப்பதால் ருசி கொஞ்சம் தட்டையாக இருக்கும்; இஞ்சியும் மிளகும் போட்டு எழுப்ப வேண்டும். பொருட்களின் பட்டியலில் பூசணி மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே அதே மாதிரி டின்னில் பை ஃபில்லிங் (பை என்ற இனிப்புப் பண்டத்துக்கான பூரணம்) இருக்கும், அதில் சர்க்கரையும் மசாலாவும் சேர்த்திருப்பார்கள்.

சுடுவதா, வேகவைப்பதா?

தண்ணீரில் வேகவைத்தால் காய் நீர் குடிக்கும், ருசி வெளியே போகும். பிரஷர் குக்கரில் தண்ணீர் குறைவாக வைத்து இரண்டு விசில் விட்டால் அதைவிடப் பரவாயில்லை, வேலையும் பத்து நிமிடத்தில் முடியும். வார நாளில் நானும் குக்கரைத்தான் எடுக்கிறேன்.

ஆனால் ஒருமுறை ஓவனில் சுட்டுப் பாருங்கள். காயை இரண்டாகப் பிளந்து, விதையை வழித்து, வெட்டிய பக்கம் லேசாக எண்ணெய் தடவி, தட்டில் கவிழ்த்து 200 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம். தண்ணீர் ஆவியாகிச் சதை இறுகும். தட்டைத் தொடும் பக்கம் பழுப்பேறி, கருகுவதற்கு முந்தைய அந்த இனிப்பு வரும். கூடவே நான்கு பூண்டுப்பல்லைத் தோலோடு போட்டுவிடுங்கள். வெந்ததும் கரண்டியால் வழித்தால் தோல் தனியாக வந்துவிடும். சீவும் வேலையே இல்லை. ஓவன் இல்லாத வீட்டில் கனமான இரும்புச் சட்டியில் துண்டுகளைப் பரப்பி, கிளறாமல் ஒரு பக்கம் சிவக்க விட்டால் பாதி ருசி கிடைக்கும்.

கிரீமுக்குப் பதில் என்ன?

முதலில் ஒன்று. கொழுப்பே வேண்டாம் என்று ஒதுக்கவும் கூடாது. பூசணிக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. உடம்பு அதை எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். எவ்வளவு, எது என்பதுதான் கேள்வி.

தேங்காய்ப்பாலைத்தான் பலரும் கிரீமுக்கு ஆரோக்கியமான மாற்று என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். டின்னில் வரும் கெட்டிப்பால் 200 மில்லியில் ஏறக்குறைய 400 கலோரி. கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. பாலே சேர்க்காதவர்களுக்கு நல்ல வழி, அதில் சந்தேகமில்லை. கபோச்சா, இஞ்சி, எலுமிச்சைப் புல்லோடு அது சேரும்போது அற்புதமாக இருக்கும். ஆனால் பூசணியின் சொந்த ருசி பின்னால் போய்விடும், சூப் தாய்லாந்துப் பக்கம் நடந்துவிடும். லேசான சூப் வேண்டும் என்பவர்களுக்கு இது விடை இல்லை.

முந்திரி வேறு ரகம். 40 கிராம் முந்திரியை வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, சூப்போடு சேர்த்து அரைத்தால் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பவருக்குக் கிரீம் என்றே தோன்றும். மொத்தப் பாத்திரத்துக்கும் கூடுவது சுமார் 220 கலோரி. கொழுப்பு பெரும்பாலும் நிறைவுறாத வகை. விருந்தினர் வந்தால் என் தேர்வு இதுதான், ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு.

மைசூர் பருப்பைத்தான் நான் இன்னும் மேலே வைப்பேன். 60 கிராம் பருப்பில் ஏறத்தாழ 14 கிராம் புரதம் இருக்கிறது. குக்கரில் பூசணியோடு சேர்த்தே வெந்துவிடும், நிறமும் மஞ்சளாகி ஒத்துப்போகும், அரைத்தால் திப்பி இல்லை. சாதாரண பூசணி சூப் குடித்தால் ஒரு மணி நேரத்தில் பசிக்கும். பருப்பு சேர்த்தது ரொட்டித்துண்டு ஒன்றோடு இரவுச் சாப்பாடாகவே போதும். அளவு மட்டும் முக்கியம். 100 கிராமைத் தாண்டினால் அது சூப் இல்லை, பரங்கிக்காய்க் கூட்டு.

உருளைக்கிழங்கு சுலபம், மலிவு. ஆனால் மிக்ஸியில் கொஞ்சம் அதிகமாக ஓடினாலும் பசை மாதிரி இழுக்கும், அதனால் நான் விட்டுவிட்டேன். கெட்டித்தயிர் நல்ல புளிப்புத் தரும். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய பிறகே கலக்க வேண்டும், இல்லையென்றால் திரிந்துபோகும்.

கடைசி வழி பலருக்குத் தெரியாதது. எதையும் சேர்க்காமல், அரைக்கும்போதே இரண்டு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெயை மெல்லிய நூலாக ஊற்றுவது. எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து கலந்து, சூப்பின் நிறமே கொஞ்சம் வெளுத்து, நாக்கில் பட்டாக இறங்கும். கபோச்சாவுக்கு இதைவிட மேலாக எதுவும் தேவையில்லை.

மற்றவை, சுருக்கமாக

பெட்டியில் வரும் காய்கறி ஸ்டாக் (சூப்புக்கு ஊற்றும் காய்கறிச் சாறு) பலவற்றில் ஒரு கோப்பையிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் வரம்பே 2000 மில்லிகிராமுக்குக் கீழ். அதற்குப் பதில் பூசணியின் விதைநாரையும் வெங்காயத் தோலையும் அரைமணி கொதிக்கவிட்டு வடிகட்டினால் நல்ல தங்கநிறச் சாறு சும்மாவே கிடைக்கும். சிலர் ஆப்பிள் சேர்ப்பார்கள். காயே இனிப்பாக இருக்கும்போது எனக்கு அது அதிகம். கடைசியில் பிழியும் அரை எலுமிச்சைதான் சரி. ஜாதிக்காயும் சேஜ் என்ற மூலிகை இலையும் இந்த ஊர் வழக்கம். மிளகும் வறுத்த சீரகமும் அதே அளவுக்குப் பொருந்தும்.

மிக்ஸியில் அரைப்பவர்கள் சூப்பை நன்றாக ஆறவிடுங்கள். சூடாக ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும், கையும் முகமும் வெந்துபோகும். கைப்பிடி பிளெண்டரைப் பாத்திரத்திலேயே விட்டு அரைக்கலாம், ஆனால் மிக்ஸியில் வரும் வழவழப்பு வராது.

ஆகவே என் வீட்டில் இப்போது வார நாட்களில் பட்டர்நட், மைசூர் பருப்பு, குக்கர். சனி ஞாயிறுகளில், நல்ல கபோச்சா கிடைத்தால், ஒன்றரைக் கிலோ காயைச் சுட்டு, ஒரு வதக்கிய வெங்காயம், சுட்ட பூண்டு, ஒரு லிட்டர் சாறு, ஆலிவ் எண்ணெய். நான்கு பேருக்குத் தாராளம். மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது களி மாதிரி இறுகியிருக்கும். அரைக் கோப்பை வெந்நீர் விட்டு மெல்லச் சூடாக்குங்கள், உப்பை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.